பெதஸ்தா தண்ணீரும் நான்காம் வசனமும்

கேள்வி: என் கணவருக்கு நான்கு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது. மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்கின்றன. சமீபத்தில் எருசலேம் போய்வந்த என் கொழுந்தனார், பெதஸ்தா குளத்துத் தண்ணீர் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு ஜெபிக்க வரும் ஒரு சகோதரர், விசுவாசத்தோடு அதைக் குடிக்கக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். "சொஸ்தமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்டாரே, உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த விருப்பமே இல்லை, அதுதான் தடை" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று முழுவதும் இவர் சாப்பிடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகனோ, தன் போனில் உள்ள ஆங்கில பைபிளில் யோவான் 5-ம் அதிகாரத்தில் 3-ம் வசனத்துக்கு அப்புறம் 5-ம் வசனம்தான் வருகிறது, தேவதூதன் தண்ணீரைக் கலக்கியதெல்லாம் கட்டுக்கதை என்கிறான். எதை நம்புவது? கோவில் படி ஏற முடியாததால் இவர் ஆராதனைக்குப் போய் வெகுநாளாகிறது. அவரிடம் நான் என்ன சொல்ல?
ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

குளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நிறுத்தாதீர்கள். பக்கவாதம் வந்தவர் பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் தானாக நிறுத்தினால் மறுபடி தாக்குவதற்கு வழி திறந்துவிட்ட மாதிரி ஆகும். மாற்றுவதோ குறைப்பதோ உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். அந்தப் பாட்டில் தண்ணீரையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். எங்கிருந்து, எப்படி மொண்டது என்று தெரியாத, காய்ச்சாத தண்ணீர் அது. அதோடு, பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், வெறும் தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஜெபிக்கும் சாப்ளினாக இருந்த காலத்தில் இப்படி அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழுந்தனார் அன்பாகக் கொண்டுவந்தது, அவர் மனம் நோக வேண்டாம். அலமாரியில் ஒரு ஞாபகப் பொருளாக இருக்கட்டும்.

சரி, இப்போது உங்கள் மகனின் கேள்வி. அவர் பார்த்தது உண்மைதான். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் 3-ம் வசனத்தின் கடைசிப் பகுதியிலும் 4-ம் வசனத்திலும் வருகிற செய்தி, அதாவது தண்ணீர் கலங்குவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள், தேவதூதன் இறங்கிக் கலக்குவான், முதலில் இறங்குகிறவன் சொஸ்தமாவான் என்பது, மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஏறக்குறைய கி.பி. 200-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதியில் இல்லை. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகளிலும் இல்லை. பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

யாரோ வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று சிலர் கூட்டங்களில் பயமுறுத்துகிறார்கள். நடந்தது வேறு. தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அந்த வேலையைச் செய்தபோது, மேலே சொன்ன பாப்பிரஸ் எகிப்து மண்ணில் கிடந்தது. அதன் பாடம் அச்சில் வெளிவந்ததே 1956-ல்தான். சீனாய்ப் பிரதியின் முதல் ஏடுகள் ஐரோப்பாவுக்கு வந்தது 1844-ல். ஆக, அவரும் அவருக்குப் பின் நம் வேதாகமத்தைத் திருத்திச் செப்பனிட்டவர்களும் தங்கள் கைக்குக் கிடைத்த பிற்காலப் பிரதிகளின் வழியில் மொழிபெயர்த்தார்கள். பழைய பிரதிகள் கிடைத்த பிறகு வந்த மொழிபெயர்ப்புகள் அந்த வாக்கியத்தை அடைப்புக்குறிக்குள் போட்டன, அல்லது அடிக்குறிப்புக்கு இறக்கின. வசன எண்கள் மட்டும் பழையபடியே இருப்பதால் 3-க்கு அடுத்து 5 வருகிறது.

அப்படியானால் அந்த வசனம் எங்கிருந்து வந்தது? 7-ம் வசனத்தைப் பாருங்கள். தண்ணீர் கலக்கப்படும்போது என்னைக் கொண்டுபோய் விட ஒருவருமில்லை என்று, 38 வருஷம் நோயோடு கிடந்த மனிதர் இயேசுவிடம் சொல்கிறார். அந்த வசனம் பழைய பிரதிகளிலும் இருக்கிறது. தண்ணீர் ஏன் கலங்க வேண்டும், அதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று பிற்காலத்து வாசகருக்குப் புரியாது. அங்கே மக்களிடையே இருந்த நம்பிக்கை இதுதான் என்று விளக்க யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு, அடுத்தடுத்துப் பிரதி எடுத்தபோது உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வேத அறிஞர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கட்டுக்கதை என்று உங்கள் மகன் சொல்வது கொஞ்சம் கடினமான சொல். இந்தக் குறிப்பு மிகப் பழையது. கி.பி. 200 வாக்கில் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதிய ஆதிசபை எழுத்தாளர் தெர்த்துல்லியனே தேவதூதன் பெதஸ்தாவைக் கலக்கியதைச் சொல்கிறார். இது அந்தக் குளத்தைச் சுற்றி மக்கள் என்ன நம்பினார்கள் என்பதன் பதிவு. யோவான் தன் வாயால் "தேவதூதன் கலக்கினான்" என்று சாட்சி சொன்னதாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

குளமும் கட்டுக்கதையா என்று அவர் கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆட்டு வாசலருகே, ஐந்து மண்டபங்களோடு ஒரு குளம் என்கிறார் யோவான். நான்கு பக்கம் உள்ள குளத்துக்கு ஐந்து மண்டபம் எப்படி? இந்த எண்ணுக்குப் பழைய காலத்திலேயே ஞான அர்த்தம் தேடினார்கள். ஐந்து மண்டபங்கள் மோசேயின் ஐந்து புத்தகங்கள் என்று பழைய காலத்துப் பேராயர் அகுஸ்தீன் பிரசங்கித்தார். 38 வருஷம் என்பதையும் அவர் விடவில்லை, நாற்பதில் இரண்டு குறைவு, குறைந்த அந்த இரண்டும் தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்புகூரும் இரண்டு கட்டளைகள் என்று கணக்குச் சொன்னார். நவீன காலத்தில் வேறு சிலர், இந்தச் சுவிசேஷத்தை எழுதியவர் எருசலேமைப் பார்த்ததே இல்லை, மண்டபமெல்லாம் உருவகம் என்றார்கள்.

பிறகு மண் பதில் சொன்னது. எருசலேம் பழைய நகரத்தில் சிங்க வாசலுக்கு உள்ளே, சிலுவைப் போர் காலத்தில் 12-ம் நூற்றாண்டில் கட்டிய புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. சலாதீன் காலத்தில் அது இஸ்லாமியக் கல்விக்கூடமானது. 1856-ல் ஒட்டோமான் சுல்தான் அதைப் பிரான்சுக்குக் கொடுத்தார். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி விட்டுவிட்டு நடந்த அகழ்வுகளில், ஆலயத்துக்குப் பக்கத்திலேயே வடக்கும் தெற்குமாக இரண்டு பெரிய குளங்கள் வெளிப்பட்டன. நடுவே ஆறு மீட்டருக்கும் மேல் தடிமனான ஒரு கல் அணை. நாலு பக்கமும் நாலு மண்டபம், நடு அணைமேல் ஐந்தாவது என்று வைத்தால் கணக்கு சரியாகிறது. எருசலேம் பேராயர் சிரில் 4-ம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் சொல்லியிருந்தார். கி.பி. 333-ல் இன்றைய பிரான்சிலுள்ள போர்தோவிலிருந்து வந்த ஒரு யாத்திரீகரும் ஐந்து மண்டபங்கள் உள்ள இரட்டைக் குளம் என்று குறித்து வைத்திருக்கிறார். அவர்களை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

குளத்தின் ஆழம் பத்து மீட்டருக்கும் மேல். தெற்குக் குளத்தில் இறங்குவதற்கு அகலமான படிகள் உண்டு. அந்நாளில் எருசலேமின் யூத தேவாலயத்துக்குப் போகிறவர்கள் முழுக்குப் போட்டுச் சுத்திகரித்துக்கொள்ளும் பொதுக் குளம் இது என்று தொல்லியல் அறிஞர் ஷிமோன் கிப்சன் போன்றவர்கள் சொல்கிறார்கள். வடக்குக் குளத்தில் மழைநீர் தேங்கும், அங்கிருந்து அணைக்குள் இருந்த மதகு வழியாகத் தெற்குக் குளத்துக்குத் தண்ணீர் பாயும். மதகைத் திறந்தால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும். கலங்கியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

கொழுந்தனார் இதைச் சொன்னாரா தெரியாது, குளங்களுக்குக் கிழக்கே சிறிய குகைகளும் தொட்டிகளும் இருக்கின்றன. கி.பி. 135-க்குப் பிறகு ரோமர் எருசலேமைத் தங்கள் நகரமாக மாற்றிக் கட்டியபோது, இங்கே குணமளிக்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸுக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்தது. பொம்பேயா லூசிலியா என்ற பெண் காணிக்கை கொடுத்த பளிங்குப் பாதம் ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. அதற்குப் பின் 5-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அதே இடத்தில், நடு அணைமேல் சாய்ந்து நிற்கும்படி, ஒரு பெரிய ஆலயம் கட்டினார்கள். யூதர், ரோமர், கிறிஸ்தவர் என்று யார் கைக்குப் போனாலும் நோயாளிகள் தேடி வந்த இடம் இது. இன்று அங்கே குளம் என்று நிரம்பி நிற்கும் தண்ணீர் கிடையாது. ஆழமான பள்ளங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இடிந்த சுவர்கள், அடியில் எங்காவது தேங்கிய மழைத்தண்ணீர். பக்கத்து ஆலயத்தில் எதிரொலி அற்புதமாக இருக்கும் என்பதால் யாத்திரை வருகிறவர்கள் உள்ளே போய்ப் பாடிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

இவ்வளவு உறுதியான இடத்தில் யோவான் என்ன சொல்ல வருகிறார் என்பதுதான் உங்கள் வீட்டுக்கு வேண்டியது.

அந்தக் குளத்தின் சட்டம், முந்துகிறவனுக்குத்தான் சுகம் என்பது. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் அங்கேயும். ஓடத் தெரிந்தவனுக்கு, தூக்கிவிட ஆள் உள்ளவனுக்கு இடம் கிடைக்கும். நோய் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு வாய்ப்பு குறைவு. 38 வருஷம் படுத்திருந்தவருக்கு இந்தக் குளத்தால் எந்தக் காலத்திலும் சுகம் கிடைத்திருக்காது.

இயேசு என்ன செய்தார்? அவரைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாவதாக இறக்கிவிடவில்லை. தண்ணீரை எடுத்துத் தெளிக்கவும் இல்லை. கரையில் இருந்தபடியே எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அந்த மனிதரின் காலில் பெதஸ்தா தண்ணீர் ஒரு சொட்டு பட்டதாகக் கதையில் இல்லை. குளத்தை நம்பிக் கிடந்தவரைக் குளம் இல்லாமலே எழுப்பிவிட்டார் என்பதுதான் யோவான் எழுதியது. அந்தக் கதையைக் காட்டி அதே தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பது, கதையைத் தலைகீழாகப் படிப்பது. கடவுள் தண்ணீரைப் பயன்படுத்தவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. குஷ்டரோகியான நாகமானை யோர்தான் நதிக்கு அனுப்பினார், பிறவிக் குருடரைச் சீலோவாம் குளத்துக்குக் கழுவ அனுப்பினார். இங்கே அப்படிச் செய்யவில்லை, அவ்வளவே.

அந்தச் சகோதரர் உங்கள் கணவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

இந்தக் கதையில் விசுவாசம் கேட்கப்படவே இல்லை. "விசுவாசிக்கிறாயா?" என்று இயேசு கேட்கவில்லை. "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று முடிவில் சொல்லவும் இல்லை. மற்ற சில அற்புதங்களில் அந்த வார்த்தைகள் வருகின்றன, இங்கே இல்லை. தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை, 13-ம் வசனம் அதைச் சொல்கிறது. கேள்விக்கு அவர் "ஆம், விரும்புகிறேன்" என்று பதில் சொன்னாரா? அதுவும் இல்லை. தூக்கிவிட ஆளில்லை, எனக்கு முன்னால் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று தன் குறையைத்தான் சொன்னார். அதற்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குறை சொன்ன வாயோடேயே சுகம் பெற்றார். விசுவாசக் குறைவால் சுகம் தடைபடுகிறது என்று ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு வேதத்தில் இதைவிடப் பொருத்தமில்லாத பகுதி கிடையாது.

பிறகு ஏன் அப்படிக் கேட்டார்? பலவிதமாக விளக்குவார்கள். ஆஸ்பத்திரி வார்டுகளில் நடந்த பழக்கத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவரின் கட்டிலருகே நின்றுகொண்டு எல்லோரும் மனைவியிடம்தான் பேசுவார்கள். "சாப்பிட்டாரா? தூங்கினாரா? இப்ப எப்படி இருக்கார்?" அவர் அங்கேயே படுத்திருப்பார், அவரிடம் கேட்க மாட்டார்கள். 38 வருஷம் ஒரே நோயோடு கிடந்தவரை ஊர் ஒரு மூட்டை மாதிரித்தான் தாண்டிப் போயிருக்கும். இயேசு அவரிடமே பேசினார், உனக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்டார். அது ஒரு மனிதரை மனிதராக மதித்த கேள்வி. அதை எடுத்துக் கல்லாக எறியலாமா?

14-ம் வசனத்தையும் யாராவது கொண்டுவருவார்கள், "இனிப் பாவஞ்செய்யாதே" என்று இயேசு அவரிடம் சொன்னாரே, ஆகவே நோய்க்குக் காரணம் பாவம்தான் என்று. அப்போது 9-ம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு நேரடியாக மறுக்கிறார். அதே யோவான்தான் இரண்டையும் எழுதியிருக்கிறார். ஒரு மனிதரிடம் தனியாகச் சொன்ன எச்சரிக்கையை எல்லா நோயாளிகள் தலையிலும் கட்ட முடியாது.

நீங்கள் எழுதாத ஒரு கேள்வியும் உங்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். மண்டபங்களில் அநேகர் படுத்திருந்தார்கள் என்கிறது வசனம். எழுந்து நடந்தவர் ஒருவர். மற்றவர்கள்? யோவான் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. படுக்கையைச் சுமந்துகொண்டு போனவர் ஓய்வுநாளை மீறினார் என்று எழுந்த தகராறுக்குக் கதை நகர்ந்துவிடுகிறது. இதற்கு நானும் சமாதானம் கட்டிச் சொல்லப் போவதில்லை. அன்று எழாதவர்களை இயேசு குற்றம் சொன்னதாக மட்டும் எங்குமே இல்லை. சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியபடி உங்கள் சபைப் போதகரான ஐயரையும் மூப்பர்களையும் அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிக்குப் போகிற நாளில் அதற்காகவும் ஜெபியுங்கள், இரண்டுக்கும் பகை இல்லை. ஆம்பூரில் மிஷனரிகள் கட்டிய ஆஸ்பத்திரிக்கே பெதஸ்தா என்றுதான் பெயர். அங்கேயும் மாத்திரை கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அந்தச் சகோதரர் அடுத்த முறை வந்தால், ஜெபம் மட்டும் செய்யுங்கள், மருந்தைப் பற்றியும் இவருடைய மனதைப் பற்றியும் பேச வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கவில்லை என்றால் வர வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கணவரிடம் நீங்களே இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள், 13-ம் வசனம் வரைக்கும், நிதானமாக. அவர் சாப்பிடாமல் இருந்ததும், எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதும் தொடர்ந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு வைத்தியம் உண்டு.

கடைசியாக, கடிதத்தின் முடிவில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, கோவில் படி ஏற முடியவில்லை என்று, அதைத்தான் நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். தூக்கிவிட ஒருவருமில்லை என்று பெதஸ்தாவில் ஒருவர் சொன்னார். மாற்கு 2-ல் வருகிற திமிர்வாதக்காரருக்கோ நாலு பேர் இருந்தார்கள், கூரையைப் பிரித்தாவது இறக்கிவிட்டார்கள். உங்கள் சேகர கமிட்டிக்கு (சபை நிர்வாகக் குழுவுக்கு) ஒரு கடிதம் எழுதுங்கள். படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் அளவுக்கு ஒரு சாய்தளம் வேண்டும், அது கட்டும்வரை ஞாயிறுதோறும் தூக்கிவிட நாலு வாலிபர்கள் வேண்டும், வர முடியாத மாதங்களில் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். தயங்க வேண்டாம், சபை செய்ய வேண்டிய வேலை அது. அந்த வாலிபர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாற்காலியோடு தூக்க வேண்டும், அவருடைய வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலவீனமான பக்கத்துத் தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கேட்டால் எப்படிப் பிடித்துத் தூக்குவது என்று செய்தே காட்டுவார்.